ஐந்தடி இரண்டங்குல உடம்புக்கு எந்தக் கயாக்?

கேள்வி:

நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். வயது 43, தாதியாக வேலை செய்கிறேன். உயரம் ஐந்தடி இரண்டங்குலம், எடை 54 கிலோ. கோடையில் ரூஜ் ஆற்று முகத்திலும் பிக்கரிங் ஃபிரெஞ்ச்மன்ஸ் பேயிலும் வாடகைக்குக் கயாக் எடுத்து ஓட்டிப் பழகினேன். இப்போது சொந்தமாக ஒன்று வாங்க ஆசை. பெரும்பாலும் அரைநாள் பயணம்தான். வருடத்தில் ஒரு தடவையாவது ஜோர்ஜியன் பே பக்கம் போய் இரண்டு இரவு கூடாரமடித்துத் தங்க வேண்டும்.

வாடகைக் கயாக்கில் இரண்டு மணித்தியாலம் போனால் வலது தோள் நோகத் தொடங்கிவிடுகிறது. முழங்கை விளிம்பில் இடிபடுகிறது. காற்றடித்தால் வள்ளம் நான் சொல்வதைக் கேட்பதில்லை. ஒரு கடையில் 12 அடியில் அகலமானதாக எடுங்கள், பயமில்லாமல் இருக்கும் என்றார்கள். இன்னொரு கடையில் 14 அடிக்குக் குறைந்ததை நீண்ட பயணத்துக்கான டூரிங் கயாக் என்றே சொல்ல முடியாது என்றார்கள். ஆறடி உயரமும் 88 கிலோ எடையும் உள்ள என் கணவர், தானும் ஓட்டக்கூடிய ஒன்றாக வாங்கச் சொல்கிறார். எங்களிடம் இருப்பது சிவிக் கார். கராஜில் 15 அடி இடம் உண்டு. எதை வாங்கலாம்?

பதில்:

அன்புத் தங்கைக்கு, தோள் நோவு, முழங்கை இடிபடுவது, காற்றில் இழுபடுவது ஆகிய மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். நீங்கள் ஓட்டிய வள்ளம் உங்களுக்குப் பெரிது.

வாடகைக்கு விடும் கயாக் யார் வந்து ஏறினாலும் கவிழாமல் இருக்க வேண்டும். அதனால் 28 முதல் 30 அங்குலம் வரை அகலமும் உயர்ந்த பக்கங்களும் வைத்துச் செய்கிறார்கள். 100 கிலோ ஆள் அதில் இருந்தால் வள்ளம் வேண்டிய அளவு அமிழ்ந்து நீரைப் பிடித்துக்கொள்ளும். 54 கிலோவில் நீங்கள் இருக்கும்போது அது மேலேயே மிதக்கிறது. நீருக்குள் இருக்க வேண்டிய உடல் காற்றுக்குள் நிற்கிறது, காற்று அதைத் தள்ளுகிறது. விளிம்போ உங்கள் விலா எலும்பு வரை வருகிறது. அதைத் தாண்டித் துடுப்பை நீரில் இறக்க ஒவ்வொரு முறையும் முழங்கையைத் தோள் மட்டத்துக்கு உயர்த்த வேண்டியிருக்கிறது. இரண்டு மணித்தியாலத்தில் ஆயிரக்கணக்கான தடவை அப்படி உயர்த்தினால் எந்தத் தோளும் நோகும். உங்கள் பலத்தில் குறை தேடாதீர்கள்.

கயாக்கைக் கண்டுபிடித்த வடதுருவ மக்கள் வள்ளம் உடம்புக்குப் பொருந்த வேண்டும் என்பதை நன்றாக அறிந்திருந்தார்கள். இன்னார் ஓட்டுவதற்கு என்று அவருடைய உடம்பை அளந்தே வள்ளம் கட்டினார்கள். விரித்த கைகளின் நீளத்தைப் போல மூன்று மடங்கு நீளம், இடுப்பின் அகலத்தோடு இரண்டு முட்டி சேர்த்த அகலம், ஒரு முட்டியும் நீட்டிய பெருவிரலும் சேர்ந்த ஆழம் என்று அந்த அளவுமுறை சொல்லப்படுகிறது. அதில் ஊருக்குப் பொதுவான அளவு என்று ஒன்று இல்லை. இன்றைய கடைகளில் நீளத்தைத்தான் முதலில் கேட்கிறார்கள். நீங்கள் நீளத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

முதலில் அகலம். உங்கள் உடம்புக்கு 22 முதல் 23 அங்குலம். 24 வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். முதல் தடவை ஏறும்போது 23 அங்குல வள்ளம் கொஞ்சம் ஆடும், மனம் பதறும். அந்த ஆட்டம் வேறு, கவிழ்வது வேறு. அகலமான தட்டை வள்ளம் அமைதியான நீரில் அசையாமல் நிற்கும். அலை பக்கவாட்டில் வந்தால் அலையின் சாய்வோடு தானும் சாய்ந்து, ஓர் எல்லைக்குப் பிறகு சட்டென்று புரண்டுவிடும். ஒடுக்கமான வள்ளம் தொடக்கத்தில் ஆடினாலும், சாயச் சாயப் பக்கச் சுவர் நீரில் அழுந்தித் தாங்கிக்கொள்ளும். நாலைந்து தடவை ஓட்டினால் இடுப்புக்கு அது பழகிவிடும். 'பயமில்லாமல் இருக்கும்' என்று கடைக்காரர் சொன்னது குளத்துக்குச் சரி, ஒன்ராறியோ ஏரிக்குச் சரியில்லை.

அடுத்தது ஆழமும் இருக்கைக் குழியும். கடையில் தரையில் வைத்தே உட்கார்ந்து பாருங்கள். ஓட்டும்போது போடும் காலணியையும் லைஃப் ஜாக்கெட்டையும் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும். பாதத்தின் முன்பகுதி கால்மிதியில் பதிய வேண்டும். முழங்கால் லேசாக மடங்கி வெளிப்பக்கம் சாய்ந்து, தொடை மேலே உள்ள தாங்கியில் அழுத்தமில்லாமல் தொட வேண்டும். இடுப்பின் இரு பக்கமும் ஒன்றிரண்டு விரல் நுழையும் இடம் போதும். முதுகுத் தாங்கி கீழ் முதுகைத் தாங்கினால் போதும். நாற்காலி போல உயர்ந்திருந்தால் உடம்பைத் திருப்பித் துடுப்புப் போட முடியாது, பாரம் முழுவதும் தோளில் விழும். தொடைக்கும் தாங்கிக்கும் நடுவே உள்ளங்கை நிமிர்ந்து நுழைந்தால் அது உங்களுக்கு ஆழமான வள்ளம், அடுத்ததைப் பாருங்கள். இடுப்பில் மட்டும் இடைவெளி இருந்தால் ஃபோம் துண்டு ஒட்டிச் சரிப்படுத்தலாம். தொடைத் தாங்கி உயரமாக இருந்தால் அதற்குப் பிறகு செய்யக்கூடியது அதிகமில்லை.

அப்படியே அரை மணித்தியாலம் இருங்கள். கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தாலும் எழும்பாதீர்கள். கால் மரத்துப்போகிற வள்ளம் ஐந்து நிமிடத்தில் தன்னைக் காட்டாது.

இப்போது நீளம். ஒரு வள்ளம் தன் அலையோடு போராடாமல் போகக்கூடிய உச்ச வேகம் நீர்க்கோட்டு நீளத்தை, அதாவது நீரைத் தொடும் பகுதியின் நீளத்தைப் பொறுத்தது. நீர்க்கோடு 12 அடி என்றால் மணிக்கு ஏறத்தாழ 8.6 கிலோமீற்றர், 14 அடி என்றால் 9.3. நீங்களும் நானும் சாதாரணமாகப் போவது மணிக்கு ஐந்து, ஐந்தரை கிலோமீற்றர்தான். அந்த வேகத்தில் உங்களைத் தடுப்பது பெரும்பாலும் வள்ளத்தின் தோலில் உரசும் நீர். நீளமும் அகலமும் கூடக் கூட அந்த உரசலும் கூடும். எனவே இலேசான உடம்புக்கு 16 அடி வள்ளம் வேகம் தரும் என்பது உங்கள் பயணங்களுக்குப் பொருந்தாது. மறுபக்கம், 12 அடிக்குக் கீழே போனால் ஒவ்வொரு தடவை துடுப்புப் போடும்போதும் அணியம், அதாவது முன்முனை, இடமும் வலமும் ஆடும், சாமானுக்கும் இடமிருக்காது. 12½ முதல் 14 அடிக்குள் நில்லுங்கள். 14 அடி கராஜுக்குள் அடங்கும். சிவிக்கின் நீளமே ஏறத்தாழ 15 அடி என்பதால் கூரையிலும் தொல்லையில்லை.

கூரைக்கு ஏற்றுவதில்தான் தொல்லை. சாதாரண பொலிஎதிலீன் வள்ளம் இந்த நீளத்தில் 22 முதல் 26 கிலோ வரும், உங்கள் எடையில் ஏறக்குறைய பாதி. வெப்பத்தில் வார்த்த இரட்டைப் படலப் பிளாஸ்டிக்கில் செய்தது 20 கிலோ அளவில் இருக்கும். விலை கூட. நோகிற தோளோடு தனியாக ஏற்றப்போகிறவருக்கு அந்தச் சில கிலோ வித்தியாசம் பணத்துக்குத் தகும் என்பேன். ஜோர்ஜியன் பேயின் கருங்கல் கரையில் இழுபடும்போது பொலிஎதிலீன் அதிகம் தாங்கும் என்பதும் உண்மைதான். ஆனால் தூக்க முடியாத வள்ளம் எந்தக் கரைக்கும் போகாது. எதை எடுத்தாலும் வாங்கும் முன் கடையிலேயே உங்கள் காரில் நீங்களே ஏற்றிப் பாருங்கள். பின் கண்ணாடிமேல் தடித்த துவாய் விரித்து, அணியத்தை அதில் சாய்த்துவிட்டுப் பின்னாலிருந்து தள்ளினால் ஒரு நேரத்தில் பாதிப் பாரம்தான் கையில் வரும்.

சாமான் கணக்கும் பார்த்துவிடுவோம். இரண்டு இரவுக்குக் கூடாரம், தூங்கும் பை, சமையல் சாமான், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 20 முதல் 25 கிலோ. உங்கள் எடையையும் உடுப்பையும் சேர்த்தால் 85 கிலோவுக்குள். தயாரிப்பாளர் எழுதும் உச்சக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குதான் வள்ளம் நன்றாக ஓடும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 130 கிலோ என்று எழுதியிருந்தால் உங்களுக்குப் போதும். 160 என்று போட்டிருந்தால் அது இன்னொருவருடைய வள்ளம்.

உங்கள் கணவருடையது என்றே சொல்லலாம். அவர் கேட்பது வீட்டுச் செலவு பார்த்து என்பது விளங்குகிறது. ஆனாலும் 54 கிலோவும் 88 கிலோவும் ஒரே டூரிங் கயாக்கைப் பங்கிட முடியாது. உங்களுக்குச் சரியானதில் அவருடைய தொடை உள்ளே போகாது, பாதம் மேல்தட்டில் முட்டும். அவருக்குச் சரியானது நீங்கள் ஓட்டி நொந்த அதே வள்ளம். அடிக்கடி போகிறவர் நீங்கள், எனவே உங்கள் அளவுக்கு வாங்குங்கள். அவர் வரும் நாளில் அவருக்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

சில பெயர்கள் சொல்கிறேன், ஓட்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். டாகர் ஸ்ட்ராட்டோஸ் 12½ அடியில் சிறிய உடம்புக்கு ஒன்றும் பெரிய உடம்புக்கு ஒன்றும் என இரண்டு அளவில் வருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது சிறியது. எடிலைன் சம்பா ஏறத்தாழ 14 அடி நீளமும் 22 அங்குலத்துக்குச் சற்று மேல் அகலமும் கொண்டது, இலேசானது. வில்டர்னஸ் சிஸ்டம்ஸ் செய்யும் சுனாமி வரிசையும் கண்ணில் படும். எங்கள் கரையோர மக்கள் எவரும் ஒரு வள்ளத்துக்கு வைக்கமாட்டாத பெயர். அதில் 140, 145 என்ற இரண்டுக்கும் நீளத்தில் அரை அடிதான் வித்தியாசம். ஆனால் 145 பெரிய உடம்புக்கு ஆனது.

எந்தப் பெயரானாலும் ஒன்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். முன்னும் பின்னும் நீர் புகாத குறுக்குத் தடுப்பு இரண்டு இருக்க வேண்டும். மலிவான 12 அடி வள்ளங்கள் பலவற்றில் பின்னால் ஒன்று மட்டும் இருக்கும். அது கவிழ்ந்தால் முன்பக்கம் முழுவதும் நீர் நிறைந்து அணியம் கீழே போய்விடும். நூறு லீற்றருக்கு மேல் நீர் ஏறிய வள்ளத்தை நடு ஏரியில் நீங்கள் தனியே நிமிர்த்தி ஏற முடியாது. வள்ளத்தைச் சுற்றி மேல்தட்டில் பிடித்துக்கொள்ளக் கயிறும் வேண்டும்.

நான் இதில் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நீரின் குளிர். மே மாதத்தில் வெளியே 25 பாகை வெயில் அடிக்கும்போது ஒன்ராறியோ ஏரி 10 பாகைக்குக் கீழே இருக்கும். யூலையிலும் ஓகஸ்டிலும்கூடப் பலமான காற்று மேல்நீரை வெளியே தள்ளிவிட்டால், அடியிலிருக்கும் குளிர்நீர் ரொறன்ரோ கரைக்கு ஏறி வரும். மனிற்றோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொல்லிப் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. குளிர்நீரில் விழுந்தால் மூச்சைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் பயன்படும் நேரம் பத்து நிமிடம், உணர்வு தப்புவதற்கு ஒரு மணித்தியாலம். திரும்ப ஏறுவதற்கு உங்களுக்குக் கிடைப்பது அந்தப் பத்து நிமிடம்தான். ஆகவே வள்ளத்தின் விலையோடு வெட்சூட்டின் விலையையும் ஒரு நாள் மீட்பு வகுப்பின் கட்டணத்தையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கயாக்குக்கென்று செய்ததாக வாங்குங்கள். அதன் முதுகுப் பஞ்சு மேலேறி இருப்பதால் இருக்கையில் முட்டாது. அதோடு விசில், நீர் இறைக்கும் பம்ப், 15 மீற்றர் மிதக்கும் கயிறு எல்லாம் வள்ளத்தில் இருக்கட்டும்.

காற்றைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பக்கக் காற்றில் கயாக்கின் அணியம் காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். சரியான அளவு வள்ளத்தில் அது குறையும், இல்லாமல் போகாது. பின்னால் கீழிறக்கும் சிறு தகடான ஸ்கெக் இருந்தால் தேவையான அளவு இறக்கி நேராகப் போகலாம். 14 அடிக்குள் சுக்கானைவிட அதையே விரும்புவேன். அதில் உடையக்கூடிய பாகம் குறைவு, கால்மிதியும் அசையாமல் உறுதியாக நிற்கும்.

துடுப்புக்குப் பணம் ஒதுக்குங்கள். வாடகைக் கடையில் தருவது பெரும்பாலும் 230, 240 சென்ரிமீற்றர் அலுமினியம். உங்களுக்கு 210 முதல் 215 வரை போதும், எடை ஒரு கிலோவுக்குள் இருக்கட்டும். தண்டு மெலிதான வகையும் கிடைக்கும். சிறிய கைக்கு அது பெரிய ஆறுதல். வள்ளம் வாங்கும் முன்பே துடுப்பை மட்டும் வாங்கி வாடகைக் கயாக்கில் போட்டுப் பாருங்கள், தோளுக்கு வித்தியாசம் தெரியும்.

புதிது வாங்கக் கட்டாயமில்லை. செப்ரெம்பர், ஒக்ரோபரில் வகுப்பு நடத்துகிறவர்களும் வாடகைக்கு விடுகிறவர்களும் தங்கள் டூரிங் கயாக்குகளில் சிலவற்றை விற்பார்கள். அப்படி வாங்கினால் சாமான் அறை ஒன்றில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, வள்ளத்தைச் சாய்த்துப் பிடித்துச் சிறிது நேரம் பாருங்கள். இருக்கைக் குழிக்குள் நீர் கசிந்தால் தடுப்பின் ஒட்டு விட்டிருக்கிறது. அதைக் கடல்வள்ளங்களுக்கான பசை கொண்டு திரும்ப ஒட்டலாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். அறை மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்று மூடி இன்னும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். அடிப்பக்கம் இருக்கைக்குக் கீழே உள்நோக்கிக் குழிந்து நிரந்தரமாக நின்றுவிட்ட வள்ளத்தை மட்டும் எந்த விலைக்கும் எடுக்காதீர்கள்.