சரிவு இருக்க மோட்டார் எதற்கு?

பதுளை, ஹாலிஎல, பசறைப் பக்கம் மரக்கறி போடுகிறவர்களுக்குக் கஷ்டகாலம் ஜூலையும் ஆகஸ்டும்தான். மலைக்கு மேற்கே மழையைக் கொட்டிவிட்டு வறண்டு இறங்கும் கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்குப் பேர்பெற்ற மணத்தைக் கொடுக்கிறது. அதே காற்று லயத்தோரம் நட்ட போஞ்சியையும் தக்காளியையும் வாட்டி எடுக்கிறது. காலையில் பெரட்டுக்குப் போய், பின்னேரம் கொழுந்து நிறுவை முடிந்து வருகிற பெண்கள்தான் பீலியிலிருந்து வாளி வாளியாகச் சுமக்க வேண்டும். அம்மாவின் அந்தச் சுமையை இறக்கத்தான் எங்கள் வீட்டில் சொட்டுநீர் அமைத்தேன்.

மின்சாரமும் வேண்டாம், டைமரும் வேண்டாம். மேகாலயாவின் ஜெயந்தியா மலைவாசிகள் ஊற்றுநீரை மூங்கில் குழாய்களில் இறக்கியே வெற்றிலைக் கொடிக்குச் சொட்டவிடுகிறார்கள். நமக்கும் சரிவுக்குப் பஞ்சமில்லை.

பீலியில் வழிந்து கானுக்குப் போகும் தண்ணீரை மட்டும் எடுங்கள். பீலி எல்லோருக்கும் பொது. லயத்தாரிடம் முதலில் சொல்லிவிடுவது நல்லது. அந்தத் தண்ணீரை, செடிகளுக்கு ஒரு மீற்றர் உயரத்தில் வைத்த 200 லீற்றர் பீப்பாய்க்குக் கொண்டுவந்து, வாயில் கழிப்பறைத் தொட்டியில் பூட்டுகிற மிதவை வால்வைப் பொருத்தினேன். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். பீப்பாய் வற்ற வற்ற அழுத்தம் குறைந்து சொட்டும் தளர்ந்துபோகும். மிதவை இருந்தால் நீர்மட்டம் மாறாது, சொட்டும் மாறாது.

சொட்டுக்குச் சேலைன் குழாயே போதும். பாமசியில் புதிதாக வாங்குங்கள்; ஆஸ்பத்திரியில் பாவித்ததைத் தொடவே வேண்டாம். அதில் உள்ள சிறு சக்கரத்தை உருட்டிச் சொட்டைக் கூட்டலாம், குறைக்கலாம். சாதாரணக் குழாயில் 20 சொட்டு ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 20 சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு ஒரு செடிக்குச் சுமார் 1.4 லீற்றர் கிடைக்கும். தக்காளிக்கு எங்கள் மண்ணில் அது போதுமாக இருக்கிறது. கறிமிளகாய்க்கு இன்னும் குறைப்பேன். வேரடியில் காய்ந்த புல்லைப் பரப்பினால் காற்று ஈரத்தை உறிஞ்சாது.

தேயிலை மலையில் கான் வெட்டுவதுபோல, பீப்பாயிலிருந்து சேலைன் குழாய்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயைச் சரிவுக்குக் குறுக்காகப் போடுங்கள். நேர்கீழாக இறக்கினால், அரை மீற்றர் தாழ்ந்த பாத்தியில் அழுத்தம் ஒன்றரை மடங்காகும். கீழ்ச்செடி அழுகும், மேல்செடி காயும். பாத்திகள் படிப்படியாக இருந்தால் கீழ்ப்படிச் சக்கரங்களை இறுக்கிச் சரிக்கட்டலாம்.

பீலித் தண்ணீரில் மண் வரும். பீப்பாய் வாயில் துணி கட்டி, வாரத்துக்கொருமுறை அலசுங்கள். இல்லையேல் சேலைன் குழாய் அடைத்துக்கொள்ளும். மழை பிடித்ததும் பீப்பாயிலிருந்து வரும் குழாயின் அடைப்பானை மூடிவிடலாம். பீப்பாயை மட்டும் எப்போதும் நுளம்பு வலையால் இறுகக் கட்டியே வையுங்கள், டெங்கு நுளம்புக்கு அந்தத் தெளிந்த தண்ணீர் போதும்.