குறி தப்பிய புல்லி

எம்.ஜி.பி. என்னும் இரண்டு ஆசனமுள்ள திறந்த மோட்டார் வண்டி, இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் என்ற சிற்றூரில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியாயிற்று. அவற்றுள் 1970-ஆம் வருஷத்தில் பிறந்த ஒன்று, தன் இளமையை யார் யாரிடமோ கழித்துவிட்டு, நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற சமயத்தில் ரெடிங் நகரத்தில் உள்ள என் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. வந்த நாளில் அது நன்றாகவே ஓடிற்று. பின்னர் நேர்ந்த உபத்திரவம் அனைத்துக்கும் காரணம், நன்றாக ஓடிய வண்டியைச் சாஸ்திரப்படி ஓடச் செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுதான்.

எஞ்சினின் முன்புறத்தில், கிராங்க் ஷாஃப்டின் நுனியில் அமர்ந்து விசிறி பெல்ட்டை இழுக்கும் புல்லியின் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். டைமிங் மூடியில் சில கூர்முனைகள் இருக்கும். ஸ்ட்ரோப் விளக்கின் ஒளியில், நிமிஷத்துக்கு 600 சுற்றில், அந்த வெட்டு 14 பாகையில் நிற்க வேண்டும் என்பது கையேட்டின் விதி. என் வண்டியிலோ அது இருபதுக்கும் மேலே தெரிந்தது. முன்னால் வைத்திருந்தவரின் அசிரத்தை என்று அவரை மனத்துக்குள் வைதுவிட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, வெட்டைப் பதினாலில் கொண்டு நிறுத்தினேன். அன்று முதல் வண்டி மேட்டில் ஏற மறுத்தது. வெப்பமானியின் முள் மாத்திரம் தாராளமாக ஏறிற்று. இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்களையும் பிரித்துச் சுத்தம் செய்தேன், பாயிண்டுகளை மாற்றினேன், ரேடியேட்டரைக் கழுவினேன். ஒவ்வொரு முறையும் கடைசியில் அந்த வெட்டையே சாட்சியாக வைத்து டைமிங்கைச் சரிபார்த்தேன். பொய்ச் சாட்சியின் வாக்குமூலத்தை நம்பி நிரபராதிகள் அத்தனை பேரையும் தண்டித்துக்கொண்டிருக்கிறோம் என்பது இரண்டு மாதம் வரை எனக்கு விளங்கவில்லை.

அடுத்த தெருவில் வசித்த, ஒரு காலத்தில் பட்டறை நடத்திய முதியவர் ஒருவர், எஞ்சினைத் தொடாமலே சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு வெள்ளைச் சாயத்தால் புல்லியின் நடுக்கட்டையிலிருந்து வெளி வளையம் வரை ஒரே நேர்கோடாக இழுத்து, “ஒரு வாரம் ஓட்டிவிட்டுப் பாருங்கள்” என்றார். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது கோடு இரண்டு துண்டாகி, ஒன்றுக்கொன்று விலகி நின்றது.

அந்தப் புல்லி ஒரே இரும்பால் ஆனதன்று. நடுக்கட்டை ஒன்று, கனத்த வெளி வளையம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒட்டவைத்த ரப்பர். நான்கு சிலிண்டர்களும் ஒன்று மூன்று நான்கு இரண்டு என்ற முறையில் மாறி மாறி வெடிக்கும்போது, ஒவ்வொரு வெடிப்பும் கிராங்க் ஷாஃப்டைக் கண்ணுக்குத் தெரியாத அளவு முறுக்குகிறது. உடனே அது முறுக்கவிழ்ந்து மீள்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் இந்த முறுக்கும் மீட்சியும் ஷாஃப்டின் இயற்கையான அதிர்வோடு ஒத்துப்போனால், உருக்கேயானாலும் நாளடைவில் களைத்து வெடித்துவிடக் கூடும். அடித்த வெண்கல மணியைக் கையால் பற்றினால் நாதம் அடங்குவதைப் போல, ரப்பரின் மேல் பின்தங்கி அசையும் வளையத்தின் கனம் அந்த அதிர்வை உள்வாங்கி அடக்குகிறது. இந்தத் தத்துவத்தை முதன்முதலில் மோட்டார் வண்டிக்குப் பிரயோகித்தவர்களுள் பர்மிங்காமில் பணி செய்த ஃபிரெடெரிக் லாஞ்செஸ்டர் முக்கியமானவர். அவர் கண்ட சாதனம் வேறு வகையினது எனினும் நோக்கம் இதுவே.

எண்ணெயும் உஷ்ணமும் பட்டு ஐம்பது வருஷமான ரப்பர், பிடியை விட்டுவிடுகிறது. பெல்ட்டின் இழுவையால் வளையம் சிறிது சிறிதாகப் பின்னுக்கு வழுக்க, அதிலுள்ள வெட்டும் உடன் செல்கிறது. வழுக்கல் முற்றினால் வளையமே கழன்று ரேடியேட்டருக்குள் பாய்வதும் உண்டு.

பிஸ்டன் மேலே ஏறி முடியும் உண்மையான உச்சப் புள்ளியை அறிய நான் கையாண்ட உபாயம் எளியது. பழைய ஸ்பார்க் பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்தெடுத்து, அதில் நீண்ட போல்ட்டைப் பொருத்தி, மற்றப் பிளக்குகள் யாவற்றையும் கழற்றியபின் முதல் சிலிண்டரில் திருகினேன். எஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுழற்ற, பிஸ்டன் போல்ட்டில் முட்டி நின்றது. கூர்முனைக்கு நேரே வளையத்தில் ஒரு கோடு. எதிர்த் திசையில் சுழற்றி முட்டும் இடத்தில் மற்றொரு கோடு. இரண்டுக்கும் சரிபாதியே உச்சம். தொழிற்சாலை வெட்டு அங்கிருந்து ஏறக்குறைய அரை அங்குலம், அதாவது பத்துப் பாகை, தள்ளியிருந்தது. முன்னால் வைத்திருந்தவரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். இந்தச் சோதனையில் ஸ்டார்ட்டரை மட்டும் தொடலாகாது, பிஸ்டன் உடைந்துவிடும்.

புல்லியைக் கழற்றும் படலம் ரேடியேட்டரை இறக்குவதில் தொடங்கிற்று. போல்ட்டின் பூட்டு வாஷரை உளியால் நிமிர்த்தியபின், வண்டியை நான்காம் கியரில் போட்டு, விடுமுறைக்கு வந்திருந்த என் சகோதரியின் மகனைப் பிரேக்கில் காலை வைக்கச் சொன்னேன். நான்கடிக் குழாயைச் செருகி அழுத்தியும் போல்ட் அசையவில்லை. “மாமா, நான் வேண்டுமானால் அங்கே வரட்டுமா?” என்றான். “நீ காலை எடுத்தால் வண்டிதான் இங்கே வரும், பேசாமல் இரு” என்றேன். கொஞ்சம் உஷ்ணப்படுத்தலாம் என்ற சபலம் வந்தது. பின்னாலிருக்கும் ஆயில் சீலை நினைத்து அடக்கிக்கொண்டேன். ஊடுருவும் எண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டேன். மறுநாள் காலையில் முணுமுணுப்போடு இளகிற்று.

இழுவான் கருவியை வெளி வளையத்தில் மாட்டி இழுப்பது பெரும் பிழை. மிஞ்சிய ரப்பரும் கிழிந்து வளையம் மட்டும் கையோடு வரும். நடுக்கட்டையின் பின்புறம் இருபக்கமும் நெம்புகோல் கொடுத்துச் சமமாகத் தள்ள, அது வழுவி வந்தது. புல்லியை ஷாஃப்டோடு பிணைக்கும் அரைச் சந்திர வடிவமான சாவியை உடனே எடுத்துத் தீப்பெட்டியில் போட்டு வைத்தேன். அது ஆயில் தொட்டிக்குள் விழுந்துவிட்டால் அன்றைய தினம் அதோடு முடிந்தது. இத்தனை தூரம் வந்தபின் சீலை மாற்றாமல் மூடுவது சிக்கனமன்று. சீல் உரசும் நடுக்கட்டையின் மேற்பரப்பில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், புதுச் சீலும் ஒழுகும். டைமிங் மூடியின் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, எண்ணெய் தடவிய புதுப் புல்லியைச் செலுத்தி, சீல் தானே மையத்தில் அமர்ந்தபின் அவற்றை இறுக்க வேண்டும். நடுப் போல்ட்டுக்கு 70 பவுண்டு-அடி. சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவர்கள், அந்த அடி உள்ளே தள்ளுவிசை பேரிங்கில் போய் இறங்குவதை மறந்துவிடுகிறார்கள்.

பழையதையே வளையத்துக்கும் கட்டைக்கும் ஊடே துளையிட்டு ஆணி அடித்து ஓட்டலாம் என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். குறி நகராதுதான், ஆனால் அதிர்வை அடக்குவதற்கென்றே படைக்கப்பட்ட பொருள் வெறும் கனமாக மாறி ஷாஃப்டின் நுனியில் தொங்கும்.

எல்லாம் பூட்டியபின், பழக்கத்தின் பேரில் விளக்கை எடுத்தவன், ஏதோ ஐயம் தோன்றப் பிளக்கைக் கழற்றி, உடைந்த பிளக்கும் போல்ட்டுமாக மறுபடியும் சோதித்தேன். புத்தம் புதிய புல்லியின் வெட்டும் உச்சத்திலிருந்து இரண்டு பாகை விலகியிருந்தது. அரத்தால் என் குறியை நானே வெட்டி, அதில் வெள்ளைச் சாயத்தை நிரப்பி, அதன்படி பதினாலில் வைத்தேன். வெப்பமானியின் முள் அன்று மேட்டின் உச்சி வரைக்கும் நடுவிலேயே நின்றது.