செவ்வாய்க்கிழமை மிக்சர்

சிறுசேரியில் இருக்கும் அருமை மகனுக்கு, சேலையூரிலிருந்து பெரியம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது? ஆறு பக்கக் கணக்குப் புத்தகம். எடை குறைக்கும் ஆபரேஷன் ஆகி ஒன்பது மாதம், 31 கிலோ இறங்கியாயிற்று, இரண்டு மாதமாகத் தராசு முள் அசையவில்லை. கடைசியில் ஒரு கேள்வி: "பசியே இல்லை பெரியம்மா, இருந்தும் சாப்பிடுகிறேன். ஏன்?" கூடவே, மூன்று வாரமாக வாயில் போட்டதையெல்லாம் மணியோடு பட்டியல் போட்டு அனுப்பியிருக்கிறாய். ஆபீசில் எக்செல் ஷீட் போட்டே பழகிய கை, சும்மா இருக்குமா?

பட்டியலை இரண்டு தடவை படித்தேன். நீ கேட்டதற்குப் பதில் அதிலேயே இருக்கிறது. எழுதின உன் கண்ணில்தான் படவில்லை. அதற்கு வருகிறேன். முதலில் கொஞ்சம் திட்டிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் எனக்குப் பேனா ஓடாது.

பசி இல்லை என்று ஆச்சரியப்படுகிறாயே, அதற்குத்தானே அத்தனை லட்சம் கட்டினாய்? உனக்குச் செய்த ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் கனத்தில் ஒரு குழாய். கிரெலின் என்று ஒரு ஹார்மோன். 1999இல் கோஜிமா, கங்காவா என்ற ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்துச் சொன்னது. பசியைக் கிளப்பிவிடுவது அதன் வேலை. அது பெரும்பாலும் சுரப்பது இரைப்பையின் மேல்பக்கம் உப்பலாக இருக்குமே, அங்கே. உனக்கு வெட்டி எடுத்ததும் அந்த இடத்தைத்தான். ஆக, சாப்பாட்டு மணி அடிக்கிற ஆளையே வேலையை விட்டு அனுப்பியாயிற்று. மணி அடிக்கவில்லை, நீ மட்டும் பந்தியில் போய் உட்கார்ந்திருக்கிறாய். அப்படியானால் உன்னைக் கூப்பிட்டது யார்?

இந்த இடத்தில் நீ தலையைக் குனிந்துகொள்வாய் என்று தெரியும். வேண்டாம். என் கதையைக் கேள். எனக்கு நடந்தது இரைப்பை பைபாஸ். நான்காவது மாதம், உன் பெரியப்பா பாயசத்துக்கு என்று வாங்கி வைத்த மில்க்மெய்டு டின்னை நான் திறந்தேன். மத்தியானம் நாலு மணி, வீட்டில் யாரும் இல்லை. ஒரு ஸ்பூன். அப்புறம் வாசல்வரை போய்விட்டு வந்து இன்னொரு ஸ்பூன். கால் மணி நேரத்தில் உடம்பெல்லாம் வியர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, சமையலறைத் தரையிலேயே படுத்துவிட்டேன். இனிப்பு மொத்தமாகச் சிறுகுடலில் போய் விழுந்தால் அப்படித்தான் ஆகும், டம்பிங் என்பார்கள். கேள் கூத்தை: மறுநாள் நாலு மணிக்கு மறுபடியும் ஸ்பூனோடு நின்றேன். பைபாஸ்காரிக்கே அந்த லட்சணம். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இந்த அடி அவ்வளவாக விழாது. உனக்குப் பயமே இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

"நான் கொஞ்சமாகத்தானே சாப்பிடுகிறேன்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். காலையில் ஒன்றரை இட்லி, மத்தியானம் நாலு வாய் சோறு. சரிதான், உன்னைப் பார்த்தால் பாவமாகக்கூட இருக்கும். ராத்திரி? மிக்சர் ஒரு பிடி, சிப்ஸ் அரை பாக்கெட், மிக்சர் இன்னொரு பிடி, ஐஸ்கிரீம். முட்டையோ மீனோ சாப்பிட்டால் அந்தச் சின்னக் குழாயில் கொஞ்ச நேரம் தங்கும், போதும் என்று சொல்லும். மொறுமொறு சாமானெல்லாம் மென்றவுடன் மாவாகி வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஐஸ்கிரீம் சொல்லவே வேண்டாம். ஒரு முழு இட்லி இறங்காத வயிற்றில் ஒரு பாக்கெட் மிக்சர் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்வது இந்த வித்தையால்தான். இதை டாக்டர் உனக்குச் சொல்லியிருப்பார். நீ அப்போது போனைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாய்.

நம் ஊர்ச் சாப்பாட்டிலும் ஒரு வில்லங்கம் உண்டு. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காதே, முடித்து அரை மணி கழித்துக் குடி என்று எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாம் சாப்பிடுவதே சாம்பார், ரசம், மோர் என்று ஊற்றி ஊற்றித்தானே? எல்லாம் கரைந்து ஓடிவிடுகிறது, வயிறு நிறைந்த உணர்ச்சியும் கூடவே ஓடிவிடுகிறது. நான் தட்டையே திருப்பிப் போட்டேன். முதலில் முட்டையோ மீனோ சுண்டலோ பனீரோ, அடுத்தது காய், இடம் இருந்தால் கடைசியில் இரண்டு ஸ்பூன் சோறு. ரசம் தனியாக டம்ளரில், சாயங்காலம். உன் பெரியப்பா ஒரு மாதம் என்னை வேற்று மனுஷி மாதிரி பார்த்தார். புரதம் ஒரு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும் என்பது கணக்கு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு இட்லியில் 2 கிராம் கிடைத்தால் அதிகம். உன் ஒன்றரை இட்லியை வைத்துக்கொண்டு நீயே கூட்டிப் பார்.

இன்னொன்று. ஆறு பக்கத்தில் மாத்திரை என்ற வார்த்தையே இல்லை. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுசு பூராவும் உண்டு, மகனே. இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக முழுங்காதே, நடுவில் இரண்டு மணி நேரமாவது விடு. இதற்கு மேல் இதைப் பற்றிப் பேசினால் எனக்குக் கோபம் வரும்.

இப்போது பட்டியல். உன் மிக்சர் எல்லாம் இரவு எட்டரைக்கு மேல். அது உனக்கும் தெரியும். நீ பார்க்காதது கிழமை. மூன்று வாரத்திலும் செவ்வாயும் வியாழனும்தான் வழிந்திருக்கிறது. சனி ஞாயிறில், கிரவுண்டில் பந்தடிக்கப் போகிற நாளில், ராத்திரி ஒரு டம்ளர் பாலோடு தூங்கியிருக்கிறாய். போன மாதம் போனில் நீயே புலம்பினாயே, செவ்வாயும் வியாழனும் ஏழு மணிக்கு வெளிநாட்டுக்காரனோடு கால், பதினைந்து பேர் கேட்டுக்கொண்டிருக்க உன் மேனேஜர் உன்னைக் குடைவது அப்போதுதான் என்று? கால் முடிகிறது. கேப் ஏறுகிறாய். மாதவரத்திலிருந்து சிப்காட் வரை வரப்போகிற மெட்ரோவுக்காகத் தோண்டிப்போட்ட ஓஎம்ஆரில் முக்கால் மணி நேரம் ஊர்கிறாய். மடியில் பை, பையில் பாக்கெட். நாள் முழுக்க யாருக்கும் பதில் சொல்லாத வாய், பாவம், எதையாவது கடித்தாக வேண்டுமே.

"சும்மா போர் அடிக்குது, அதான்" என்பாய். இருக்கட்டும். பட்டியலில் சாமான், மணி என்று இரண்டு பத்தி போட்டிருக்கிறாய், மூன்றாவதாக ஒன்று சேர். அதற்கு முன்னால் என்ன நடந்தது? பாக்கெட்டைப் பிரிக்கும் முன் அதை ஒரு வரி எழுதிவிடு. எழுதின பிறகும் வேண்டுமென்றால் சாப்பிடு, நான் கேட்க மாட்டேன். ஆனால் கிண்ணத்தில் கொட்டி, உட்கார்ந்து சாப்பிடு. பாக்கெட்டுக்குள் போகிற கைக்கு அடி தெரியாது.

உன் அறையில் இருக்கும் முறுக்கு டின்னைப் பற்றியும் பேச வேண்டும். அது உன் அம்மா அனுப்பியது. 2024 ஏப்ரலில், இதோ பக்கத்தில் பம்மலில், ஒரு தனியார் மருத்துவமனைக்கு எடை குறைக்கும் ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரிப் பையன் ஒருவன், 26 வயது, உயிரோடு திரும்பவில்லை. விசாரணை, உரிமம் நிறுத்தம் என்று பேப்பரிலெல்லாம் வந்தது. அந்தச் செய்தியை உன் அம்மா வெட்டி வைத்திருக்கிறாள், தெரியுமா? உன் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்ட அன்று அது அவள் பர்சில்தான் இருந்தது. பிழைத்து வந்தவனை இளைத்துப் பார்க்கிறாள், முறுக்கு சுற்றுகிறாள். அவளிடம் சண்டை போடாதே. மறைக்கவும் செய்யாதே, சாப்பிட்டேன் என்று பொய் சொல்லி, அந்தக் குற்ற உணர்ச்சிக்கே நாலு முறுக்கு தின்பவன் நீ. பருப்புப்பொடி அனுப்பு, வறுத்த கடலை அனுப்பு என்று கேள். கை சும்மா இருந்தால்தான் அவளுக்குக் கவலை.

கல்யாண வீட்டில் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். இரண்டு கையையும் இலைமேல் கவிழ்த்து வை, சிரி. பரிமாறுகிறவருக்கு ஆபரேஷன் வரலாறெல்லாம் தேவையில்லை.

டீம் பார்ட்டி விஷயத்தில் மட்டும் சிரிக்க மாட்டேன். ஈசிஆரில் "ரெண்டே பெக்" என்று எழுதியிருக்கிறாய். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு சாராயம் ரத்தத்தில் சட்டென்று ஏறும், இறங்க நேரமாகும். அமெரிக்காவில் 2012இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், அறுவைக்குப் பின் இரண்டாவது வருஷம் குடிப்பிரச்சினை கூடியிருந்தது, பைபாஸ் செய்தவர்களிடம் இன்னும் அதிகமாக. சோற்றில் கிடைத்த ஆறுதலுக்கு வழி அடைத்துவிட்டால் சிலருக்கு மனசு வேறு கதவைத் தட்டுகிறது. ஸ்லீவ்தானே என்று வக்கீல் பேச்சுப் பேசாதே.

"அப்போ வயிறு மறுபடி விரிந்துவிட்டதா, எல்லாம் வீணா?" இதுதான் உன் உண்மையான பயம் என்று நினைக்கிறேன். ஒரு ராத்திரி மிக்சரில் எந்த வயிறும் விரியாது. முள் சில வாரம் நிற்பது சகஜம். ஸ்வீடனில் 1987இலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருஷத்தில் எடையில் 32 சதவீதம் இழந்தார்கள். பத்து வருஷம் கழித்தும் 25 சதவீதம் குறைந்தே இருந்தார்கள். கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏறும்போது, "தோற்றுவிட்டேன், இனி என்ன" என்று டின்னோடு உட்காருகிறவன்தான் முழுசாகத் திரும்ப ஏறுகிறான்.

மனநல ஆலோசகரைப் பார் என்று டாக்டர் சொன்னதற்கு "நான் என்ன பைத்தியமா?" என்று கேட்டாயாம், உன் அம்மா சொன்னாள். நான் எட்டு தடவை போனேன். என் நாலு மணிக்கு என்ன அர்த்தம் என்று மூன்றாவது தடவைதான் எனக்கே புரிந்தது: ஸ்கூல் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிற நேரம் அது. பிள்ளைகள் வளர்ந்து ஊரை விட்டே போய்ப் பல வருஷம் ஆகியும் நான் அந்த நேரத்துக்கு அடுப்படியில் நின்றிருக்கிறேன். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416க்குப் போன் போடு. அரசாங்கத்தின் டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம், காசும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா. கேளம்பாக்கத்திலிருந்து வண்டலூர் ரோட்டைப் பிடி, வழியில் பேக்கரி எதுவும் உன்னைக் கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொள். வஞ்சிரம் வறுத்து வைக்கிறேன், உனக்கு ஒரு துண்டு. "பையன் ஒரு துண்டுதானா சாப்பிடுவான்?" என்று உன் பெரியப்பா இரண்டு தடவை கேட்டுவிட்டார், இன்னும் கேட்பார். பட்டியலை எடுத்து வா, மூன்றாவது பத்தியோடு. செவ்வாய்க்கிழமை வரிகளை மட்டும் எனக்குப் படித்துக் காட்டு.

அன்புடன்,
பெரியம்மா