வெங்காயத் தோலில் ஓர் ஈஸ்டர்: குழந்தைகளோடு அலங்காரம் செய்ய முழுமையான வழிகாட்டி

ஈஸ்டர் அலங்காரத்தைக் கடைசி நாள் மாலை கடைக்குப் போய் வாங்கிவிடலாம். ஆனால் அதில் குழந்தைகளுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. குருத்தோலை ஞாயிறில் தொடங்கி, புனித வாரம் முழுக்க ஆளுக்கொரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். உயிர்ப்பு ஞாயிறு எப்போது வரும் என்று அவர்களே விரல்விட்டு எண்ணுவார்கள். பணம் கொடுத்து வாங்க வேண்டியது பெரும்பாலும் முட்டையும் வினிகரும் மட்டும்தான்.

தவக்காலத்திலேயே சேர்க்க வேண்டியவை

ஈஸ்டர் மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் எந்த ஞாயிறிலும் வரலாம். 2027-ல் மார்ச் 28. முதலில் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள். பிறகு அடுப்படியில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் காய்ந்த தோலை அதில் போடும் பொறுப்பைக் குழந்தையிடம் கொடுங்கள். பத்துப் பன்னிரண்டு பெரிய வெங்காயத்தின் தோல் போதும். பை ஈரமாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தோல் பூசணம் பிடித்துவிடும்.

குருத்தோலை ஞாயிறு: கல்லறைத் தோட்டம்

சனி இரவே ஒரு கைப்பிடி வெந்தயத்தை ஊற வையுங்கள். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், ஓட்டை உள்ள அகலமான தொட்டியிலோ பழைய பிளாஸ்டிக் தட்டில் துளையிட்டோ இரண்டு அங்குல உயரத்துக்கு மண் நிரப்புங்கள். ஒரு மூலையில் மண் குவளையைப் படுக்க வைத்து, வாய் மட்டும் தெரிய மண்ணால் மூடினால் அதுதான் கல்லறை. மீதி இடத்தில் வெந்தயத்தை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிய மண் போர்வை.

முளைப்பாரி பார்த்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. எங்கள் வீட்டில் முதல் வருடம் பிள்ளைகள் ஆசையில் வேளைக்கு வேளை தண்ணீர் ஊற்றி, வியாழனன்று பார்த்தால் விதை முழுக்க அழுகியிருந்தது. மறு வருடம் சொம்பை எடுத்துவிட்டுத் தெளிக்கும் புட்டியைக் கொடுத்தோம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, அவ்வளவுதான். நம் வெயிலுக்கு மூன்று நான்கு நாளில் பச்சை எட்டிப் பார்க்கும்.

பெரிய வியாழன்: முட்டைக்குச் சாயம்

அந்தக் காலத்து ஐரோப்பாவில் தவக்காலத்தில் முட்டையும் விலக்கு. நாற்பது நாளும் கோழி இட்டவை சேர்ந்துபோக, விழா நாளில் முட்டைக்குத் தனி மரியாதை வந்தது. கிரேக்க வீடுகளில் இன்றும் இந்த வியாழனில்தான் கிறிஸ்துவின் இரத்தத்தை நினைத்துச் சிவப்பு முட்டை செய்கிறார்கள். வெங்காயத் தோல் அங்கேயும் பழகிய சாயம்தான்.

ஒரு லிட்டர் தண்ணீரில் தோலைப் போட்டு அரை மணி நேரம் கொதிக்க விடுங்கள். வடிகட்டி, நன்றாக ஆறியதும் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் சேருங்கள். ஓட்டில் சாயம் பிடிக்க வினிகர் உதவும்.

இதற்குள் பிள்ளைகள் இலை ஒட்டட்டும். கொத்தமல்லி, முருங்கை, கறிவேப்பிலை எதுவானாலும் சரி. என் தேர்வு கொத்தமல்லி, அதன் ஒவ்வொரு பல்லும் அப்படியே பதிகிறது. இலையை நனைத்து வெள்ளை முட்டைமேல் வைத்து, பழைய நைலான் சாக்ஸ் துண்டால் இறுக்கிச் சுற்றி, நூலால் கட்டுங்கள். கட்டு தளர்ந்தால் இலைக்கு அடியில் சாயம் புகுந்து உருவம் கலங்கிவிடும்.

ஆறிய சாயத்தில் முட்டைகளை வைத்து, அதன்பின் அடுப்பைப் பற்றவையுங்கள். கொதிநீரில் போட்டால் ஓடு விரியும். மெல்லிய கொதியில் பன்னிரண்டு நிமிடம், பிறகு அணைத்து ஒரு மணி நேரம் அப்படியே. அடுப்பு வேலை முழுக்கப் பெரியவர்களுடையது. நூலை அறுக்கும் வேலை பிள்ளைகளுடையது. துணி விலகி, செம்பழுப்பு ஓட்டில் வெளிறிய கொத்தமல்லி தெரியும் அந்த நொடிக்காகத்தான் இத்தனை பாடும். ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தால் மினுமினுக்கும்.

மஞ்சள் தூளைக் கொதிக்க வைத்தால் பளிச்சென்ற மஞ்சள் கிடைக்கும். பீட்ரூட் இளஞ்சிவப்பு சீக்கிரம் மங்கிவிடும், அதை நம்ப வேண்டாம். சாப்பிடப்போகும் முட்டைகளை உடனே ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்த முட்டை காட்சிக்கு மட்டுமே.

சனி: முட்டைக் கிளை

ஜெர்மனியில் கிளைகளில் வெற்று முட்டைகளைத் தொங்கவிடுவார்கள். வாரம் முழுக்க ஆம்லெட்டுக்கு முட்டையை உடைக்காமல், கழுவிய முட்டையின் இரு முனையிலும் ஊசியால் துளையிட்டு, ஊதி எடுங்கள். ஓட்டை வினிகர் கலந்த தண்ணீரில் அலசிக் காயவைத்து, மிச்சச் சாயத்தில் போட்டால் மிதக்கும். கரண்டியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்ததும் நூல் கோத்து, மணல் நிரப்பிய சொம்பில் நட்ட காய்ந்த கொய்யாக் கிளையில் கட்டுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: வெள்ளைத் தாளில் மஞ்சள் கரைசலைப் பூசிக் காயவைத்து, சலவைச் சோப்புத் தண்ணீரில் தொட்ட தூரிகையால் வரையச் சொல்லுங்கள். கோடு செக்கச்செவேலென்று வரும். ஆரத்தியில் மஞ்சளும் சுண்ணாம்பும் செய்யும் வேலைதான் இது. காய்ந்ததும் மலராக வெட்டிக் கிளையில் ஒட்டலாம்.

ஞாயிறு: கல் விலகட்டும்

பெரிய வெள்ளி மாலையே கல்லறைக்குள் மடித்த வெள்ளைத் துணித்துண்டு ஒன்றை மட்டும் வைத்து, அதன் வாயில் தட்டையான ஒரு கல்லைச் சாத்திவிடுங்கள். திருவிழிப்பு முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பியதும் அதைத் தொடாதீர்கள். தூங்கிவிட்ட பிள்ளைகளுக்காகக் காத்திருங்கள். விடிந்ததும், வெந்தயப் பச்சைக்கு நடுவே அந்தக் கல்லை நகர்த்துவது வீட்டிலேயே மிகச் சின்னக் கையாக இருக்கட்டும்.