தாழ்வு மனப்பான்மையும் மைக்ரோமீட்டரும்



மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, "எனக்கெல்லாம் எழுத வராதுண்ணே" என்றுதான் முதலில் சொன்னேன். அந்தப் பதிலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீட்டில் படிக்க வந்தவன் நான் ஒருவன்தான். அப்பா லோடுமேன், அம்மா சித்தாள். முதல் ஆண்டு வைவாவில், லேத்தில் டெயில்ஸ்டாக் எதற்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நீளமான ஜாபின் மறுமுனையைத் தாங்க, டிரில் பிடிக்க. பதில் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. "இதெல்லாம் நமக்கு எதுக்குடா" என்று உள்ளே ஒரு குரல். அதே செமஸ்டரில் கணக்கில் 91 வாங்கினேன். அதற்கு அந்தக் குரல் சொன்னது: "பேப்பர் ஈஸி."

இங்கேதான் விஷயமே இருக்கிறது. இங்கிலாந்தின் உளவியலாளர் மெலனி ஃபென்னல் 1997-ல் இதை விளக்கி எழுதினார். சிறு வயதில் பட்டதையும் கேட்டதையும் வைத்து நம்மைப் பற்றி நாமே ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறோம். பிறகு அதற்குச் சாதகமானது மட்டுமே கண்ணில் படுகிறது, மற்றதெல்லாம் தள்ளுபடி. தீர்ப்பு வெளியே தெரியாமலிருக்க, "தப்பாப் பேசுறதுக்குப் பேசாமலே இருக்கலாம்" என்று ஒரு சட்டம் வேறு. பேசாததாலேயே பேச்சு வருவதில்லை. தீர்ப்பு இன்னும் இறுகிவிடுகிறது.

மெட்ராலஜி லேபில் ஜீரோ எரர் உள்ள மைக்ரோமீட்டரைப் பார்த்திருப்பீர்கள். எதை வைத்தாலும் 0.03 மி.மீ. குறைத்தே காட்டும். ஜாபைக் குறை சொல்லி என்ன பயன்? பிழையைக் கண்டுபிடித்து, அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறை ஏறக்குறைய இந்த வேலையைத்தான் செய்கிறது. நான் கவுன்சலிங் போகிறேன் என்றதும் அப்பா பயந்துபோனார், "உனக்கு என்ன பைத்தியமாடா?" என்றார். அங்கே மாத்திரையும் தரவில்லை, உபதேசமும் செய்யவில்லை. ஒரு நோட்டுப் போடச் சொன்னார்கள். என்ன நடந்தது, மனசு என்ன சொன்னது, அதற்குச் சாட்சி என்ன, எதிர்ச்சாட்சி என்ன என்று எழுத வேண்டும். எதிர்ச்சாட்சிப் பக்கம் முதல் வாரம் காலி.

அடுத்து ஒரு சோதனை. வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். "எல்லோரும் சிரிப்பாங்க" என்பதை எவ்வளவு நம்புகிறாய், நூற்றுக்கு மார்க் போடு என்றார் அந்த மேடம். 90 போட்டேன். கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். மணி அடித்ததும் பக்கத்து பெஞ்சுக்காரன் வந்து, "எனக்கும் அது புரியலடா" என்றான். 90-ஐ அடித்து 40 ஆக்கினேன்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எல்லாமே நம் மனசின் கோளாறு என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊரைச் சொல்லி, சாதியைச் சொல்லிச் சிரிப்பவன் இருக்கிறானே, அவன் கற்பனை இல்லை. மேடமும் அதை மறுக்கவில்லை. அவன் சொன்னதை உன் நோட்டில் தீர்ப்பாக எழுதாதே என்று மட்டும் சொன்னார்.

போகத் தயங்குகிறவர்கள் 14416-க்கு போன் பண்ணலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவை அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

போன மாதம் மறுபடி ஒரு வைவா. கேள்வி ஆங்கிலத்தில்தான் வந்தது. "தமிழ்ல சொல்லலாமா சார்?" என்று கேட்டேன். "சொல்லுப்பா" என்றார்.