சக்கரத்தின் மேல் ஒரு குடித்தனம்

வேலையை விட்டுவிட்டு நியூசிலாந்தில் கேம்பர்வேன் ஓட்டப் போகிறோம் என்றதும் எல்லாரும் பணத்தைப் பற்றித்தான் கேட்டார்கள். என் அம்மா ஒருத்திதான் கேட்க வேண்டியதைக் கேட்டாள். "ஏட்டி, சமையலும் அதுக்குள்ள, கக்கூசும் அதுக்குள்ளயா? அள்ளிக் கொட்டுறது ஆரு?" திருநெல்வேலி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி, அந்த வண்டியின் படத்தைக்கூடப் பார்க்காமல், விஷயத்தின் நடுமண்டையில் கைவைத்துவிட்டாள்.

நீண்ட நாள் வேனில் இருப்பது குடித்தனம் பண்ணுவதுதான். தண்ணீர் பிடிக்க வேண்டும், காஸ் தீர்கிறதா என்று பார்க்க வேண்டும், துணி காய வேண்டும், ராத்திரி எங்கே நிறுத்துவது என்று மத்தியானமே யோசிக்க வேண்டும். இதற்கு மனம் ஒப்பினவர்களுக்கு மாதக்கணக்கில் அலுக்காது. சுற்றுலா என்று நினைத்துக் கிளம்பியவர்கள் மூன்றாவது வாரமே ஓட்டல் அறை தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏன் நியூசிலாந்து? ஐரோப்பா முழுக்க வேனில் சுற்ற என் கணவருக்கு ஆசை. ஆனால் ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் இருக்கலாம். பல மாதம் விடுப்பு எடுப்பவருக்கு அது போதாது. நியூசிலாந்தின் பார்வையாளர் விசாவில் 18 மாதத்துக்குள் 9 மாதம்வரை தங்கலாம். கையில் ஆளுக்கு மாதம் 1,000 நியூசிலாந்து டாலர் வீதம் இருப்பதைக் காட்ட வேண்டும். சாலையில் நம் ஊர் போலவே இடப்பக்கம். தமிழ்நாட்டு ஓட்டுநர் உரிமத்தில் ஆங்கிலம் இருப்பதால் அதைக் கொண்டே ஓட்டலாம், இருந்தாலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச உரிமமும் வாங்கிக்கொண்டோம். இன்னொன்று, அந்த நாட்டில் பாம்பே கிடையாது. ராத்திரியில் டார்ச் எடுத்துக்கொண்டு புல்வெளியில் இறங்கும்போது இதன் அருமை தெரியும்.

இனி வேலை. முதலில் சம்பளமில்லா விடுப்பு கேட்டுப் பாருங்கள். தருகிறேன் என்றால் திரும்பி வரும்போது எந்தப் பொறுப்பு, எந்தச் சம்பளம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். எனக்கு அவ்வளவு நீண்ட விடுப்பு கிடைக்காததால் ராஜினாமா. அதிலும் நாள் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனத்தில் ஐந்தாண்டு நிறையச் சில மாதமே பாக்கி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு முடித்துவிடுங்கள், கிராஜுவிட்டி கைக்கு வரும். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள். அதைவிட முக்கியம் மருத்துவக் காப்பீடு. கம்பெனி கொடுத்த பாலிசி, கடைசி வேலைநாளோடு உங்களை உதறிவிடும். திரும்பி வந்த பிறகு புதிதாக எடுத்தால், ஏற்கெனவே சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருப்பவர்களுக்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டுவரை போகலாம். ஆகவே வேலையில் இருக்கும்போதே சொந்தமாக ஒரு பாலிசி எடுத்து ஓடவிடுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பயணச் செலவுக்கு ஒரு கணக்கு, திரும்பி வந்து வேலை தேடும் மாதங்களுக்கு இன்னொரு கணக்கு. இரண்டாவதன் ஏ.டி.எம். அட்டையை இவருடைய அண்ணனிடம் கொடுத்துவிட்டே விமானம் ஏறினோம். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் வங்கி முன்கூட்டியே வரி பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டலாம் என்றாலும் அதுவரை பணம் முடங்கும். வண்டி வாங்குவதாக இருந்தால் இருவர் பெயரிலும் பிரித்து அனுப்புவது நல்லது. அப்புறம் இந்த ஓ.டி.பி. தொல்லை. இந்திய சிம் அணைந்துபோனால் உங்கள் பணம் உங்களுக்கே அந்நியம். குறுஞ்செய்தி வருமளவுக்காவது ரோமிங் போட்டு, அந்த சிம்மை ஒரு பழைய போனில் உயிரோடு வைத்திருங்கள்.

2025 ஜனவரி 27-இலிருந்து, பார்வையாளர் விசாவில் இருந்துகொண்டே வெளிநாட்டு முதலாளிக்குக் கணினியில் வேலை செய்ய நியூசிலாந்து அனுமதிக்கிறது. "அப்படியானால் வேலையை ஏன் விடணும்?" என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியாவில் சாயங்காலம் மீட்டிங் வைத்தால் அங்கே நடு ராத்திரி. மலை இடுக்கில் சிக்னல் இருக்காது. வேனில் இருக்கிற ஒரே மேசை சாப்பாட்டு மேசை, அதுவே மடக்கினால் படுக்கை. என்னைக் கேட்டால், விடுப்பு என்றால் விடுப்பு.

சில வாரம் என்றால் வாடகை வண்டி. பல மாதம் என்றால் வாங்கி, முடிவில் விற்றுவிடுவது லாபம். பெயர் மாற்றம் அங்கே எளிதாகவே முடிகிறது. ஆனால் பருவம் பார்த்து இறங்க வேண்டும். அவர்களுக்கு அக்டோபர், நவம்பரில் வசந்தம். முதுகுப்பை மாட்டிய இளைஞர் கூட்டம் ஆக்லாந்தில் இறங்கி வண்டி தேடும், விலை ஏறும். ஏப்ரல், மேயில் குளிர் தொடங்கும்போது அதே கூட்டம் விமானத்தைப் பிடிக்க வேண்டிய அவசரத்தில் வந்த விலைக்குத் தள்ளும். ஆகஸ்ட் கடைசியில் வாங்கி, மார்ச் முடிவதற்குள் விற்பது என்பது எங்கள் திட்டம். அது பலித்தது.

வாங்கும்போது என்ஜினை மட்டும் பார்த்தால் போதாது. வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் என்கிற தகுதிச் சான்று புதிதாக எடுத்ததா, வண்டி மேல் கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். விற்றவர் கட்டாத கடனுக்காக வண்டியை உங்களிடமிருந்தே எடுத்துப் போகலாம். அரசுப் பதிவேட்டில் சில டாலரில் இதைச் சரிபார்த்துவிடலாம். டீசல் வண்டிக்கு இன்னொரு கணக்கு. அங்கே பெட்ரோல் விலையிலேயே சாலை வரி அடங்கும், டீசலில் அடங்காது. ஓடுகிற தூரத்துக்கு 1,000 கிலோமீட்டர் கட்டுகளாக முன்பணம் கட்ட வேண்டும். நாங்கள் இருந்தபோது சிறிய வண்டிக்கு ஒரு கட்டு 76 டாலர். கண்ணாடியில் ஒட்டிய சீட்டு எத்தனை கிலோமீட்டர்வரை செல்லும் என்பதை ஓடோமீட்டரோடு ஒத்துப் பாருங்கள். பங்க்கில் டீசல் மலிவாக இருக்கிறதே என்று மகிழ்ந்து கட்டுகளை மறந்தால் பட்ஜெட் உதைக்கும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, அம்மா கேட்டதுதான். 2023 ஜூனில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பொது இடங்களில் இலவசமாகத் தங்க விரும்பும் வண்டிக்குத் தன்னிறைவுச் சான்று வேண்டும். அதற்குக் கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துப் போடுகிற பெட்டிக் கழிப்பறை இனிச் செல்லாது. பழைய நீல ஒட்டியின் இடத்துக்குப் பச்சைச் சான்று வந்திருக்கிறது. விதி மீறினால் அபராதம் 400 டாலரில் ஆரம்பிக்கிறது. நீல ஒட்டியைக் காட்டி "எல்லாம் இருக்கு" என்று விற்க வருபவரிடம் பச்சைச் சீட்டைக் கேளுங்கள். சான்று பெறும் வண்டி மூன்று நாளுக்குத் தாங்க வேண்டும். நன்னீர் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் வீதம்.

அந்த 4 லிட்டர் சட்டத்தின் கணக்கு. ரசம் வைத்து, சோறு வடித்து, பாத்திரம் தேய்க்கும் குடும்பத்துக்கு அது எங்கே பத்தும்? எண்ணெய்ப் பிசுக்கை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவப் பழகினோம். காய்கறி அலசிய நீரில் தட்டு, தட்டு கழுவிய நீர் கீழ்த்தொட்டிக்கு. குழாயடியில் குடம் வைத்து வளர்ந்த எனக்கு இந்தச் சிக்கனம் இரண்டே நாளில் வந்தது. இவர்தான் குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்ப்பார்.

கழிப்பறைத் தொட்டியைப் பெரும்பாலான ஊர்களில் நகராட்சி வைத்திருக்கும் டம்ப் ஸ்டேஷனில் காலி செய்யலாம். இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாளுக்கு ஒருமுறை. நிறைந்த பிறகு போகலாம் என்று இருக்காதீர்கள். ஒரு டம்ப் ஸ்டேஷன் கண்ணில் பட்டால் பாதி நிறைந்திருந்தாலும் காலி செய்துவிடுங்கள். "அள்ளிக் கொட்டுறது ஆரு" என்பதைக் கிளம்பும் முன்பே பேசித் தீர்த்தோம். இவர் கழிப்பறை, நான் கழிவுநீர்க் குழாய். இந்த ஒப்பந்தம் இல்லாத தம்பதிகளின் சண்டையை முகாம்களில் மொழி புரியாமலே கேட்டு ரசித்திருக்கிறோம்.

சமையல் சாமான் கொண்டு போவதில் கவனம். விமான நிலைய உயிரிப் பாதுகாப்புச் சோதனை கறாரானது. உணவு எதுவானாலும் வருகைப் படிவத்தில் 'ஆம்' என்று குறித்துவிடுங்கள். காட்டினால் அதிகம் போனால் பிடுங்கிக்கொள்வார்கள், மறைத்தால் இங்கேயும் 400 டாலர். தேன் கூடவே கூடாது. மண் ஒட்டிய ஷூவைக்கூடச் சொல்ல வேண்டும். ஊரிலிருந்து மூட்டை கட்டத் தேவையே இல்லை. ஆக்லாந்தில் சாண்ட்ரிங்காம் பக்கம் போனால் உளுந்து, புளி, பெருங்காயம் எல்லாம் கிடைக்கும். குக்கர் சிறியதாக ஒன்று போதும். தாளிப்பதை மட்டும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். வேனுக்குள் ஒரு தடவை கடுகு வெடித்தால் தலையணையில் ஒரு வாரம் மணக்கும். குளிர்காலத்தில் சமையல் ஆவியும் இரண்டு பேர் மூச்சும் சேர்ந்து காலையில் கண்ணாடியெல்லாம் நீர் வழியும். கூரைத் திறப்பை விரலளவாவது திறந்து வைக்காவிட்டால் மெத்தைக்கு அடியில் பூஞ்சை பிடிக்கும்.

சமையல் பேச்சில் ஒரு கிளைக்கதை. வெலிங்டனில் தே பாப்பா அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் ஒரு வெண்கல மணி இருக்கிறது. தமிழ் எழுத்து பொறித்த, உடைந்த கப்பல் மணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாதிரியார் வில்லியம் கொலென்சோ வடதீவில் அதைப் பார்த்தபோது, மாவோரிப் பெண்கள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தார்களாம். முகையதீன் என்ற பெயருடைய ஒருவரின் கப்பலுக்குரிய மணி என்று எழுத்து சொல்கிறது. எப்படி அங்கே போனது என்பது இன்றும் தீராத புதிர். இந்த நாட்டில் அடுப்பேறிய முதல் தமிழ்ப் பாத்திரம் நம் குக்கர் இல்லை என்று இவரிடம் சொன்னேன்.

வெலிங்டனிலிருந்து தென்தீவின் பிக்டனுக்கு வண்டியோடு கப்பலேற வேண்டும். மூன்றரை மணி நேரம். ஏறும்போது காஸ் சிலிண்டரை மூடியாக வேண்டும். கோடை விடுமுறையில் வேனுக்கு இடம் கிடைப்பது அரிது, முன்பதிவு செய்யுங்கள். இடையிலுள்ள நீரிணைக்குக் கோபம் அதிகம். வெறும் வயிற்றில் ஏறாதீர்கள், வயிறு முட்டவும் ஏறாதீர்கள்.

சாலை விஷயத்தில் எனக்கு உறுதியான அபிப்பிராயம் ஒன்று உண்டு: ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வேக வரம்பு 100 என்று பலகை இருக்கும். ஆனால் வளைவு, ஏற்றம், ஒற்றைவழிப் பாலம் என்று வேன் சராசரியாக 60-ஐத் தாண்டாது. ஒற்றைவழிப் பாலத்தில் சிறிய சிவப்பு அம்பு உங்கள் பக்கம் என்றால் நீங்கள்தான் நிற்க வேண்டும். நம் ஊர் போல விளக்கடித்துக்கொண்டு முந்துகிறவர்கள் யாருமில்லை. பின்னால் நாலு வண்டி சேர்ந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். இரண்டு வார விடுமுறைக்காரர்கள் தென்தீவை ஒரு சுற்றில் முடித்துவிட்டு டீசலுக்கே பணம் கொட்டுகிறார்கள். நீண்ட விடுப்பில் இருப்பவருக்கு ஓடாத நாள்தான் வரவு. மவுண்ட் குக் அடிவாரத்தில் வொயிட் ஹார்ஸ் ஹில் என்ற அரசு முகாம் இருக்கிறது. 3,724 மீட்டர் சிகரம் மேகத்தில் மறைந்தே கிடக்கும். வந்த அன்றே பார்த்துவிட வேண்டும் என்பவர்கள் திட்டிக்கொண்டே திரும்புவார்கள். நாங்கள் துணி துவைத்து, புத்தகம் படித்து, மேகம் விலகும்வரை அங்கேயே இருந்தோம்.

மில்ஃபர்ட் சவுண்டில் ஆண்டுக்கு 6 மீட்டருக்கு மேல் மழை. மழையில் போனால்தான் பாறையெங்கும் அருவி, அதனால் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டாம். தே அனாவிலேயே டேங்கை நிரப்பிவிடுங்கள். அந்தப் பக்கத்து மணல் ஈ நம் கொசுவைச் சாதுவாக்கிவிடும். கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு இறங்குங்கள். மலைப்பாதைகளில் கியா என்கிற கிளி வண்டியின் ரப்பரை உரித்துத் தின்ன வரும். தீனி போடாதீர்கள், வைப்பரைக் காத்துக்கொள்ளுங்கள்.

விபத்தில் காயம் பட்டால் பார்வையாளருக்கும் சிகிச்சைச் செலவில் ஏ.சி.சி. என்ற அரசு அமைப்பு பங்கேற்கும். நோய் வந்தால் ஏற்காது. பயணக் காப்பீட்டைத் தவிர்க்க இதைக் காரணமாக்காதீர்கள். வண்டிக் காப்பீடு அங்கே சட்டக் கட்டாயமில்லை. மூன்றாம் நபர் காப்பீடாவது எடுங்கள்.

இருவராகப் போகிறவர்களுக்கு: வேனில் கோபித்துக்கொண்டு போய்ப் படுக்க இன்னோர் அறை கிடையாது. காலையில் ஆளுக்கொரு திசையில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வந்து காபி குடிப்பது என்று வைத்துக்கொண்டோம். அந்த நேரத்தில் கண்டதைச் சொல்வதே அன்றைய பேச்சுக்குப் போதுமானதாக இருந்தது.

திரும்பி வந்து வேலை தேடும்போது இடைவெளியை மறைக்காதீர்கள். பயோடேட்டாவில் ஒரே வரி: 'தொழில் விடுப்பு, நியூசிலாந்துப் பயணம்', கூடவே மாதமும் வருடமும். குடும்பக் காரணம், உடல்நிலை என்றெல்லாம் ஜோடித்தால் அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள். சம்பளம் கொஞ்சம் இறங்கலாம். அந்தத் தொகையையும் பயணச் செலவோடு சேர்த்துக் கிளம்பும்போதே எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நேர்காணலில், "திரும்பவும் இப்படிப் போவீங்களா மேடம்?" என்று கேட்டார்கள். "போவேன், சில வருஷம் கழித்து, முன்னாலேயே சொல்லிவிட்டு" என்றேன். அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த இடத்தில் மேலாளர் வேலையைப் பற்றிக் கொஞ்ச நேரம்தான் பேசினார். மிச்ச நேரமெல்லாம் பழைய டீசல் வேன் என்ன விலைக்கு வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.