ஒயர் இல்லாமல் கரண்ட்: எட்டும் தூரத்தைக் கூட்டுவது எப்படி?



எங்கப்பா அரிசி ஆலையில் மூட்டை தூக்குபவர். ஒரு மழைநாளில் தோலுரிந்த ஒயரில் கை பட்டு மயிரிழையில் பிழைத்தார். நான் எலக்ட்ரிக்கல் பிரிவில் சேர்ந்தபோது, "எதுக்குடா உனக்கு அந்தக் கரண்ட் வேல?" என்றார். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அவருக்குச் சொல்லும் பதிலாகவே இதை எழுதுகிறேன்.

தத்துவம்

டிரான்ஸ்பார்மரின் இரு காயில்களுக்கும் ஒயர் தொடர்பு கிடையாது. காந்தப்புலம்தான் மின்திறனைக் கடத்துகிறது. இரும்பு உள்ளகத்தை எடுத்துவிட்டுக் காயில்களை விலக்கினால் பிணைப்பு சட்டென்று விழும். காயிலின் அளவைவிட மிக அதிகத் தூரத்தில், தூரம் 2 மடங்கானால் பிணைப்பு 8-இல் ஒரு பங்காகிவிடும்.

இங்கேதான் ஒத்ததிர்வு கைகொடுக்கிறது. தூளியை அதன் ஆட்டத்துக்கு ஏற்ற நேரத்தில் ஒரு விரலால் இழுத்தாலே நன்றாக ஆடுமல்லவா? அதுபோல இரு காயில்களிலும் கெபாசிட்டர் சேர்த்து ஒரே அதிர்வெண்ணுக்கு ட்யூன் செய்தால், குறைந்த பிணைப்பிலும் மின்திறன் போய்ச் சேரும். 2007-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாரின் சொல்யாச்சிச் குழுவினர், சுமார் 10 மெகாஹெர்ட்ஸில், 2 மீட்டருக்கு அப்பால் 60 வாட் பல்பை இப்படி எரியவைத்தனர். காயிலுக்குக் காயில் செயல்திறன் சுமார் 40 சதவீதம்.

கணக்கு

25 மைக்ரோஹென்றி காயிலுடன் 0.1 மைக்ரோபாரட் கெபாசிட்டர் சேர்த்தால் அதிர்வெண் சுமார் 100 கிலோஹெர்ட்ஸ். காயிலின் மின்மறுப்பு சுமார் 16 ஓம். மின்தடை 0.32 ஓம் எனில் தரக்காரணி 16 ÷ 0.32 = 50. நல்ல கம்பி போட்டு மின்தடையைப் பாதியாக்கினால் 100.

பிணைப்பையும் தரக்காரணியையும் பெருக்கி வரும் எண்தான் முக்கியம். தரக்காரணி இரட்டித்தால் பாதிப் பிணைப்பே போதும். அப்போ தூரமும் இரட்டிக்குமா? இல்லை, 1.26 மடங்குதான்!

மூன்றாவது காயில்

எனவே நடுவில் இன்னொரு காயிலை வைக்கிறார்கள். அதற்கு சப்ளை வேண்டாம், ட்யூன் செய்தால் போதும். இடைவெளி பாதியாவதால் பிணைப்பு 8 மடங்கு வரை கூடும். மூட்டையை நடுவில் ஒருவர் வாங்கிக் கைமாற்றுவது போலத்தான். ஆனால் அவரும் கொஞ்சம் கூலி எடுப்பார்: நடுக் காயிலிலும் இழப்பு உண்டு.

எச்சரிக்கை

ஒயர் இல்லை என்பதால் ஷாக் இல்லை என்று நினைக்காதீர்கள். தரக்காரணி 50 உள்ள தொடர் சுற்றுக்கு 12 வோல்ட் கொடுத்தால், சுமை இல்லாதபோது கெபாசிட்டரில் 600 வோல்ட் வரை எழலாம். சப்ளையை நிறுத்தி, கெபாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்த பிறகே தொடுங்கள்.

அப்பாவிடம் இதையும் மறைக்காமல் சொன்னேன். "அப்ப நல்லாப் படிச்சுட்டே தொடு" என்றார்.

— இரண்டாம் ஆண்டு, மின்னியல் பிரிவு, கருணாபுரம்